இருபத்தோராவது முத்தி

கட்டில்கள் இருபத்திரண்டு. வாசலை ஒட்டிய கடைசிக் கட்டில் பிலோமினாவுடையது. எல்லாரும் சுரூபத்தின் காலில் முத்தமிட்டு முடித்த பிறகுதான் அவள் தன் முத்தியைச் செய்வாள். அவளுக்குப் பக்கத்துக் கட்டில் கிருபாபாய் டீச்சருடையது. டீச்சர் நாசரேத்துக்காரர், சுரூபத்துக்கு முத்தமிடுகிற வழக்கம் அவருடைய புரொட்டஸ்டன்ட் சபையில் கிடையாது, நீட்டினால் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார். ஆக, சாயங்காலச் செபமாலை முடிந்து, ஆண்டவர் சிலுவையில் தொங்குகிற அந்த முழங்கை நீளப் பாடுபட்ட சுரூபத்தை ஏந்திக்கொண்டு கட்டில் கட்டிலாகப் போனால் இருபது வாய், இருபது முத்தி. வெள்ளம் வந்த வருஷத்திலிருந்து இதில் ஒன்று கூடியதுமில்லை, குறைந்ததுமில்லை. அன்றைக்குச் சுற்றி முடித்து, மூட்டுவலியோடு தன் கட்டிலுக்கு வந்து நின்றபோது, அவள் உதட்டுக்குள் எண்ணிக்கொண்டு வந்த கணக்கு இருபத்தொன்றில் நின்றது.

வயசாகிவிட்டது, தப்பி எண்ணியிருப்போம் என்று யாரும் சொல்லலாம். பிலோமினா தப்பி எண்ணுகிறவள் இல்லை. எழுபத்தோரு வயதிலும் கண்ணை மூடிக்கொண்டு, விழுகிற முத்தியை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவாள். பல்லில்லாத ஈர முத்தி ஒன்று, மேலுதட்டு ரோமம் குத்துகிற முத்தி ஒன்று, சுரூபத்தின் கால்விரலையே கடித்துவிடுவதுபோல அழுத்துகிறது ஒன்று. ஒவ்வொன்றுக்கும் பிறகு கையிலிருக்கும் வெள்ளைக் கைக்குட்டையால் கால்களை ஒரு துடை துடைத்து அடுத்த கட்டிலுக்கு நீட்டுவாள். கோவிலில் பெரிய வெள்ளிக்கிழமை சாமியார் அப்படித்தான் செய்வார். அதைப் பார்த்துத்தான் அவள் படித்துக்கொண்டாள்.

யோசித்துப் பார்த்தாள். வாசலிலிருந்து இடது வரிசையில் பதினொரு கட்டில், அதோடு சுவர் வந்துவிடும். அங்கே திரும்பி வலது வரிசையில் வாசலை நோக்கி வர வேண்டும். அந்தத் திருப்பத்தில், இரண்டு வரிசைக்கும் நடுவே, பின்னறையின் கதவு. குழல்விளக்கின் வெளிச்சம் அதுவரைக்கும் எட்டாது. பதினோராவது கட்டிலுக்கும் பன்னிரண்டாவது கட்டிலுக்கும் இடையில் அவள் கை பழக்கத்தில் நீண்டிருக்கிறது, யாரோ முத்தி செய்திருக்கிறார்கள், அவளும் துடைத்துவிட்டு நகர்ந்திருக்கிறாள். அந்த உதடு குளிர்ந்திருந்தது. அதுமட்டும் இப்போது விரல் நுனியில் ஞாபகம் வந்தது.

அந்த முதியோர் இல்லம் மில்லர்புரத்துப் பின்தெரு ஒன்றில் இருந்தது. கூடத்தைக் கட்டியவர்கள் பத்துக் கட்டிலுக்குத்தான் கட்டினார்கள். வெள்ளத்தில் ஆற்றோரத்து வேறொரு இல்லம் முழுகிப்போய், அங்கிருந்த பன்னிரண்டு பெண்களை ஒரு வேனில் கொண்டுவந்து இறக்கி, ரெண்டே வாரம்தான், பொறுத்துக்கோங்க என்றார்கள். அந்த ரெண்டு வாரம் ஒரு வருஷத்துக்கு மேலாக நடந்துகொண்டிருக்கிறது. கட்டிலுக்கும் கட்டிலுக்கும் ஒரு சாண் இடைவெளி. புரண்டு படுத்தால் அடுத்தவள் மூச்சு முகத்தில் அடிக்கும். மார்கழிப் பனிக்கும் கொசுவுக்கும் பயந்து சன்னல்களை நாலு மணிக்கே அடைத்துவிடுவார்கள். அப்புறம் ஃபினாயிலும் மூத்திரமும் தைலமும் இருபத்திரண்டு பேர் விட்ட மூச்சும் ஒன்றாகக் கலந்து, மின்விசிறிகளின் கீழே மெதுவாகச் சுற்றிக்கொண்டிருக்கும். துறைமுகத்தில் கப்பல் ஊதுகிற சத்தம்கூட உள்ளே வரும்போது கம்பளிக்குள்ளிருந்து வருவதுபோலக் கேட்கும்.

இத்தனை பேருக்கு நடுவில் பிலோமினா தனியாள். சும்மா சொல்லவில்லை, அவளைப்போல ஒரு தனியாளைப் பார்க்க முடியாது. மகன் ரோச் கப்பலில் வேலை பார்க்கிறான். மாசத்துக்கு ரெண்டு ஞாயிற்றுக்கிழமை, ஆயா விஜிலாவின் போனில் முகம் காட்டுவான். "யம்மா, சாப்ட்டியா? சுத்தி இத்தன பேரு இருக்காவ, ஒனக்கென்ன கொறை" என்பான். அவளும் ஒரு குறையும் இல்லை என்பாள். மற்றபடி இங்கே யாரும் யாரோடும் பேசுவதில்லை. பாதிப் பேருக்குக் காது கேட்காது, மீதிப் பேருக்கு ஞாபகமில்லை. சாயங்காலம் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு புறப்படும்போது மட்டும் இருபது முகமும் அவள் பக்கம் திரும்பும். அவள் வருகிறாளா என்று பார்க்கும். சிலர் அவள் கையையும் சேர்த்துப் பிடித்துக்கொள்வார்கள். நாள் முழுக்க அவளைத் தொடுகிற மனுஷக் கை அவ்வளவுதான்.

பேசுவதற்கென்று இருந்தது டீச்சர் ஒருவர்தான். மறுநாள் மத்தியானம், மற்றவர்கள் சாப்பிட்டுக் கிறங்கிக் கிடந்த நேரத்தில், டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே மெதுவாக ஆரம்பித்தார்.

"ஏளா பிலோமினா, ஒண்ணு சொல்லுதேன். கோவப்படாம கேளு."

"சொல்லுங்க டீச்சர்."

"மொத கட்டில் ஞானப்பூ செத்து நாலு நாளாச்சு, அந்தக் கட்டிலுக்குப் புது ஆளும் வந்தாச்சு. இப்ப ரெண்டாவது கட்டில் இருமுதா. மூணாவது கட்டில் சவேரியம்மாவுக்கு ராத்திரிலேர்ந்து காய்ச்சல், காலைல பின்னறைக்கு மாத்திட்டாவ. பாத்தியா? அட்டண்டன்ஸ் எடுக்க மாதிரி வரிசையால்லா போவுது."

பிலோமினா முதல் கட்டில் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"நீ சுரூபம் கொண்டு போற வரிசை அது."

"சாமி கால்லேர்ந்து சீக்கு வருமா டீச்சர்? என்ன பேச்சு பேசுதிய."

"சாமி கால்லேர்ந்து வராது. நம்ம வாயிலேர்ந்துதான் வரும்." டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளை நேராகப் பார்த்தார். "கிறிஸ்மஸுக்குப் புன்னைக்காயல் போயிட்டு வந்தேல்லா? வந்ததுலேர்ந்து பத்து ராத்திரி தலையணைக்குள்ள இருமுன. ஒரு சாண் தூரத்துல படுத்துருக்கேன், எனக்குக் கேக்காதா?"

இது ஒருவருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தாள். மருமகள் ரெண்டு நாளைக்கு வீட்டுக்குக் கூட்டிப்போனபோது அங்கே குழந்தைகள் எல்லாம் மூக்கொழுகிக்கொண்டு திரிந்தன. திரும்பி வந்த அன்றைக்கே அவளுக்குத் தொண்டை கரகரத்தது. சொல்லியிருக்க வேண்டும். ஆனால் இருமுகிறவர்களைப் பின்னறைக்குத்தான் மாற்றுவார்கள். அது அரிசி மூட்டையும் உடைந்த கட்டில்களும் போட்டு வைத்திருந்த அறை, நாலு கட்டில் போட்டால் நிறைந்துவிடும், கூரைக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சன்னல். அங்கே போனவர்கள் ஆம்புலன்ஸில் போவார்கள், அல்லது பெட்டியில் போவார்கள். சரியாகித் திரும்பி வந்தாலும், இருமினவள் கையில் மறுபடி சுரூபத்தைக் கொடுப்பார்களா? அதனால் பனங்கற்கண்டையும் மிளகையும் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, இருமல் வந்தால் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, சாயங்காலமானால் ஒன்றும் தெரியாதவள்போலச் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். எல்லாருக்கும் முதலாவதாக முத்தி செய்தது ஞானப்பூ. முத்தி செய்யும்போது பிலோமினாவின் முகத்துக்கு நேரே அண்ணாந்து சிரிப்பாள், பாவம்.

"ஒண்ணு, விஜிலாகிட்ட உள்ளதச் சொல்லு. இல்ல, சுரூபத்த மேசைல வச்சு, தூரத்துலேர்ந்து கும்பிடச் சொல்லு. சன்னலத் தொறக்கச் சொல்லு. இது ரெண்டுக்கும் நீ வாயத் தொறக்கணும்," என்றார் டீச்சர். "நான் சொல்ல மாட்டேன். நீதான் சொல்லணும்."

"சொல்லுதேன் டீச்சர்," என்றாள்.

சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் கைக்குட்டையை மட்டும் சோப்புப் போட்டு அலசிக் காயவைத்து எடுத்துக்கொண்டாள். அதுவே பெரிய காரியம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். திருப்பத்துக்கு வந்தபோது வேண்டுமென்றே சுரூபத்தை மார்போடு அணைத்துக்கொண்டு தலையைக் குனிந்தபடி கடந்தாள். பின்னறைக் கதவு ஒருக்களித்திருந்தது. அந்த இடுக்கிலிருந்து, கட்டிலில் உட்கார்ந்தால் வாய் இருக்குமே, அந்த உயரத்திலிருந்து, ஒரு மூச்சு வந்து அவள் புறங்கையில் பட்டது. இழுக்க முடியாமல் இழுத்து விடுகிற மூச்சு, உள்ளே சளி கொரகொரவென்று கொதிக்கிற மூச்சு. சவேரியம்மா உள்ளே கிடக்கிறாள், முத்தி செய்ய ஆசைப்பட்டுக் கதவடிக்கு வந்திருக்கிறாள் என்று அவளுக்குப் பட்டது. சாகக் கிடக்கிறவளுக்கு இல்லையென்று எப்படிச் சொல்வது? கையை நீட்டினாள். ஒரு முத்தி விழுந்தது. குளிர்ந்த உதடு. துடைப்பதற்குள் இன்னொன்றும் விழுந்தது. இரண்டாவது முத்தி செய்தவள், ஞானப்பூ செய்வதுபோலவே, முடித்துவிட்டு மூக்கால் ஒரு சின்னச் சிரிப்புச் சிரித்தாள்.

பிலோமினா மிச்சக் கட்டில்களை எப்படி முடித்தாள் என்று அவளுக்கே தெரியாது. குசினியில் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்த விஜிலாவிடம் போய் நின்றாள்.

"விஜிலா, சவேரியம்மாவுக்கு எப்படி இருக்கு?"

விஜிலா நிமிர்ந்து பார்த்தாள். நாற்பத்தைந்து வயதுக்காரி, நாலு ஆள் வேலையை ஒருத்தியாகப் பார்ப்பவள், கண் குழிவிழுந்து போயிருந்தது. "அத்தை, ஒங்ககிட்ட சொல்லலையா? மத்தியானம் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புனேன், மூணு மணிக்கே முடிஞ்சிட்டாம். மத்தவியகிட்ட இப்ப சொல்லாதீய, பயந்துக்கிடுவாவ."

"அப்ப பின்னறையில யாரு இருக்கா?"

"யாருமில்ல. மருந்தடிச்சுப் பூட்டிப் போட்டிருக்கேன். சாவி இந்தா இடுப்புலதான கெடக்கு."

சாவி இடுப்பில்தான் கிடந்தது. பிலோமினா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். இப்போதாவது சொல்லியிருக்கலாம். வாய் திறந்தது. "கொஞ்சம் பனங்கற்கண்டு இருக்குமா" என்று கேட்டுவிட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு பத்து நாளில் இன்னும் மூன்று பேர். காலியான கட்டில் ஒரு நாளைக்கு மேல் காலியாக இருக்கவில்லை. வெளியே இடம் கேட்டுக் காத்திருக்கிறவர்கள் அத்தனை பேர். துணிப்பையோடு புதிதாக ஒருத்தி வந்து, செத்தவளின் குழிவிழுந்த மெத்தையில் உட்கார்ந்து, கூச்சத்தோடு சுற்றிப் பார்ப்பாள். மூச்சுக்கு வைக்கிற மெஷின் ஒன்றே ஒன்று. அதன் முகமூடியை ஒரு முகத்திலிருந்து எடுத்து, தண்ணீரில் ஒரு முக்கு முக்கி, அடுத்த முகத்தில் வைப்பார்கள். ஒருநாள் ஒரு டாக்டர் வந்தார். கூட்டத்தைக் குறைங்க, சன்னலைத் திறங்க என்று வாசலில் நின்றே சொல்லிவிட்டுப் போனார். யாரை எங்கே கொண்டுபோய் வைப்பது? சன்னல்கள் ஒரு பகல் திறந்திருந்தன. சாயங்காலம் குளிருதே குளிருதே என்று எல்லாரும் முனகவும் மறுபடி அடைத்தார்கள்.

தினமும் திருப்பத்தில் முத்தி விழுந்தது. இருபத்து மூன்று, இருபத்து நான்கு, இருபத்தைந்து. நீட்டாமல் இருந்துவிடலாம்தான். ஒருநாள் நீட்டாமல் இரண்டடி வைத்தாள். கதவுக்குப் பின்னாலிருந்து மரத்தரையில் நகம் இழுபடுவதுபோல ஒரு சத்தம் கூடவே வந்தது. அந்தக் கூடத்தில் மரத்தரை கிடையாது. திரும்பிப்போய் நீட்டினாள். சத்தம் நின்றது. யாரிடம் சொல்வது? சொன்னால் முழுக்கவல்லவா சொல்ல வேண்டும், முதலிலிருந்து. உப்பைத் தின்றவள் தண்ணீர் குடிக்கத்தான் வேண்டும், நாமே குடித்துக்கொள்வோம் என்று இருந்தாள். இதில் டீச்சருக்கு ஒன்றும் ஆகாது. டீச்சர்தான் முத்தி செய்வதில்லையே. அது ஒன்றுதான் அவளுக்குத் தைரியமாக இருந்தது.

ஒரு விடியற்காலம் பக்கத்துக் கட்டிலிலிருந்து இருமல் கேட்டது. தலையணைக்குள் அமுக்கிய இருமல்.

"டீச்சர்?"

"ஒண்ணுமில்ல. தொண்டைதான்."

நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். கொதித்தது.

"நீங்க ஒருநாள்கூட முத்தி செய்யலையே டீச்சர்."

டீச்சருக்குச் சிரிப்பு வந்து அதுவே இருமலாகிவிட்டது. "முத்தி செய்யல. மூச்சு விடாம இருந்தனா? இந்த அடைசல்ல... ஒன் மூச்சத்தானளா ஒரு வருஷமா இழுத்துட்டுக் கெடக்கேன்." அப்புறம் சொன்னார்: "இப்பவாவது விஜிலாகிட்டச் சொல்லு. ஆஸ்பத்திரிக்கு அனுப்பட்டும்."

இந்த இடத்தில் பிலோமினா செய்ததுதான் மன்னிக்க முடியாதது. அது அவளுக்கே தெரிந்திருந்தது. விஜிலாவிடம் சொன்னால் முதலில் பின்னறை. அந்தக் கதவுக்குள் டீச்சரை விடுவதா? அங்கே யார் யார் இருக்கிறார்கள் என்று இவளுக்கல்லவா தெரியும். அதுமட்டுமா? உள்ளதைச் சொல்வோமே, டீச்சரும் போய்விட்டால் பேச ஆளில்லை. அந்தக் கட்டிலில் நாளைக்கே துணிப்பையோடு இன்னொருத்தி வந்து உட்காருவாள். ரோச் கப்பலிலிருந்து கொண்டுவந்து கொடுத்த நீலக் கம்பளியை எடுத்து டீச்சரைக் கழுத்துவரை போர்த்தினாள். பனங்கற்கண்டை வாயில் வைத்தாள். விஜிலா வந்து "யாரு இருமினா" என்று கேட்டபோது, "நான்தான், பொறையேறிட்டு" என்றாள். டீச்சர் அவளைப் பார்த்துக்கொண்டே கிடந்தார். பேசுவதற்கு மூச்சுப் போதவில்லை.

பகல் முழுக்க அப்படியே போனது. தண்ணீர் கொடுத்தாள், முகம் துடைத்தாள். டீச்சரின் மூச்சு மத்தியானத்துக்கு மேல் வேகமாகி, வேகமாகி, நாலு மணிக்கு மேல் மெதுவாயிற்று. தேவலை, தூங்குகிறார் என்று நினைத்துக்கொண்டாள். சாயங்காலத்துக்குள் ஒரு முடிவுக்கும் வந்தாள். இனிமேல் சுரூபம் கொண்டுபோவதில்லை. முட்டிவலி என்று சொல்லிச் சுரூபத்தை அலமாரியில் வைத்துக் கதவைச் சாத்தினாள். டீச்சர் எழுந்ததும் அதைச் சொல்ல வேண்டும் என்று இருந்தது அவளுக்கு.

கோவிலில் ஆறரை மணி அடித்தது. செபமாலை நடந்தது. முடியப்போகிற நேரத்தில் கரண்ட் போயிற்று. மின்விசிறிகள் சுற்றல் குறைந்து நின்றன. இருட்டு. விஜிலா மெழுகுவர்த்தி எடுக்கப் போனாள், குசினியில் பாத்திரம் உருள்கிற சத்தம் கேட்டது. இருபத்திரண்டு பேர் விட்ட மூச்சு அசையாமல் முகத்தில் நின்றது. யாரும் சுரூபம் வரவில்லையா என்று கேட்கவில்லை.

கோடியிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

சின்னச் சத்தம். உதடு பதிந்து பிரிகிற சத்தம்.

அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் மறுபடி. இந்தத் தடவை அது கதவடியில் இல்லை. பன்னிரண்டாவது கட்டிலில் கேட்டது. அந்தக் கட்டில்காரி தூக்கத்தில் ஒரு இருமல் இருமினாள். பதின்மூன்றாவது கட்டில். உதடு பிரிகிற சத்தம். ஒரு இருமல். பதினான்கு. கட்டில் கம்பிகள் ஒன்றன்பின் ஒன்றாக முனகின. ஒரு சாண் இடைவெளியில் ஆள் நுழைய முடியாது. ஆனாலும் நுழைந்து நுழைந்து வந்தார்கள்.

பிலோமினா எண்ணினாள். எண்ணாமல் இருக்க அவளால் முடியாது. பதினேழு. பதினெட்டு. இன்னும் இரண்டு கட்டில் தாண்டினால் டீச்சர்.

சுரூபம் வராததால்தான் வருகிறார்கள். கொண்டுவந்து கொடுக்க வேண்டியவள் கொடுக்கவில்லை. அதனால் கேட்டு வருகிறார்கள். அவளுக்கு அப்படித்தான் புரிந்தது.

"டீச்சர், படுத்துக்கிடுங்க. நான் போயிட்டு வாரேன்," என்றாள். நீலக் கம்பளியைத் தடவி டீச்சர் தலைவரைக்கும் இழுத்து மூடினாள். அலமாரியைத் திறந்தாள். சுரூபத்தைக் கையில் எடுத்ததும் முத்திச் சத்தம் நின்றது.

நடந்தாள். எதிரே யாரும் இல்லை. அவளுக்கு முன்னால், பின்வாங்கிப் போகிறவர்களின் காலடிபோல, ஈரமாக ஏதோ ஒன்று தரையில் இழுபட்டுக்கொண்டு போயிற்று. திருப்பம் வந்தது. கதவு திறந்திருந்தது. அகலத் திறந்திருந்தது.

உள்ளே போனாள்.

அரிசி மூட்டையின் சணல் வாசம். மருந்து வாசம். அதற்கும் கீழே, ஈர மண் வாசம்.

வலது கையில் சுரூபம். இடது கையால் துழாவினாள். கட்டில் கம்பி. நீட்டினாள். முத்தி. மூக்கால் ஒரு சிரிப்பு. ஞானப்பூ. ஒன்று. துடைத்தாள். ஒரு சாண். அடுத்த கம்பி. மூச்சுக் கொரகொரப்பு. சவேரியம்மா. இரண்டு. ஒரு சாண். மேலுதட்டு ரோமம் குத்தியது. மூன்று. ஒரு சாண். நான்கு. ஒரு சாண். ஐந்து.

ஐந்து பேர்தான். முடிந்துவிட்டது. பிலோமினா பெருமூச்சு விட்டாள்.

நாலு கட்டில்தான் கொள்ளும் அந்த அறை. சுவர் வர வேண்டிய இடத்தில் கை நீண்டது. ஒரு சாண். கட்டில் கம்பி.

நீட்டினாள். முத்தி விழவில்லை. இன்னும் கொஞ்சம் நீட்டினாள். சுரூபத்தின் கால் ஒரு கன்னத்தில் இடித்தது. அந்த முகம் மெதுவாக அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டது.

ஒரே ஒருத்தர்தான் அப்படித் திரும்புவார்.

இடது கையால் தொட்டாள். மூக்குக்கண்ணாடியின் சட்டம். ஜில்லென்று இருந்தது. அதற்குக் கீழே கம்பளி. தலைவரைக்கும் இழுத்து மூடியிருந்த கம்பளி. இருட்டில் நிறம் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.

"டீச்சர்," என்றாள். "ஒங்கள அங்கனல்லா படுக்க வச்சிட்டு வந்தேன்."

பின்னால் ஐந்து பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

வாசல் பக்கம் திரும்பினாள். வாசல் இருந்த இடத்தில் கட்டில் கம்பி. இன்னொரு பக்கம் கை நீட்டினாள். ஒரு சாண். கட்டில். இதில் ஆளில்லை. விரிப்பு விரித்திருந்தது. தலையணையில் ஒரு குழி. குழிக்குள் கையை வைத்தாள். அவள் பத்து ராத்திரி இருமின இருமலின் ஈரம், கொழகொழவென்று, இன்னும் காயாமல் இருந்தது. அதற்கு அப்பால் ஒரு சாண். இன்னொரு கட்டில். விரிப்பு. தலையணை. ஆளில்லை. ஒரு சாண். இன்னொன்று. ஒரு சாண். இன்னொன்று.

டீச்சரின் கை கம்பளிக்குள்ளிருந்து வந்து அவள் முந்தானையைப் பிடித்துக் கீழே இழுத்தது.

"ஒதுங்கிப் படு, ஏளா," என்றார். "இன்னும் ஆள் வரணும்."

கூடத்தில், வெகுதூரத்தில் கேட்பதுபோல, முதல் கட்டில்காரி இருமத் தொடங்கினாள். அப்புறம் இரண்டாவது கட்டில்காரி.